மதிப்பெண் போடும் கையை யார் பார்ப்பது?

நீட் முடிவு வந்ததும் நம் குடியிருப்புகளில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நம்ம பிள்ளைக்கு சீட்டு கிடைச்சுதா?" கிடைத்துவிட்டால் பட்டாசு, பேனர், சால்வை. அதன்பிறகு அந்தப் பிள்ளை ஐந்தரை ஆண்டுகள் கல்லூரிக்குள் என்ன பாடுபடுகிறது என்று கேட்பார் இல்லை. அதை இந்த வாரம் நாம் கேட்போம்.

வாசல் ஓரளவு திறந்திருக்கிறது. பட்டியல் இனத்தவருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2022 ஜனவரி 12 அன்று திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் கிருஷ்ணகிரியும் ஒன்று. மத்திகிரி, ஓசூர் பக்கத்துப் பெண்கள் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருவுக்கும் நர்சிங் படிக்கப் போகிறார்கள்.

ஆனால் மருத்துவப் படிப்பில் எழுத்துத் தேர்வு ஒரு பகுதிதான். மீதி, செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும். எழுத்துத் தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்கும். வாய்மொழித் தேர்வில் மாணவர் நேரில் நிற்கிறார். பெயர், ஊர், பேச்சு எல்லாம் தேர்வாளருக்குத் தெரிகிறது. இன்டர்னல் மதிப்பெண்ணோ முழுக்க முழுக்கக் கல்லூரியின் கையில். எம்.பி.பி.எஸ். படிப்பில் இன்டர்னலில் எழுத்தும் செய்முறையும் சேர்த்து 50 சதவீதம், தனித்தனியே 40 சதவீதம் எடுக்காதவர் பல்கலைக்கழகத் தேர்வே எழுத முடியாது. ஒரு துறையின் நாலைந்து பேர் நினைத்தால் ஒரு பிள்ளையின் வருடம் போய்விடும்.

இது வீண் பயம் அல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் சாதிப் பாகுபாடு பற்றி விசாரிக்க 2006-ல் மத்திய அரசு பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைத்தது. 2007-ல் அறிக்கை வந்தது. பதில் சொன்ன பட்டியல் இன, பழங்குடி மாணவர்களில் 69 சதவீதம் பேர் ஆசிரியர்களிடம் போதிய உதவி கிடைக்கவில்லை என்றார்கள். 84 சதவீதம் பேர் செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் நியாயம் இல்லை என்றார்கள். டெல்லியின் வர்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடத்தில் பட்டியல் இன, பழங்குடி மாணவர்கள் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கப்பட்டதை முங்கேகர் குழு விசாரித்தது. அங்கே சாதிப் பாகுபாடு நடந்தது என்று 2012-ல் அறிக்கை தந்தது.

"தெரியாதவனுக்கு மார்க் போடச் சொல்கிறீர்களா? தரம் என்னாவது?" என்று சிலர் கேட்பார்கள். நாம் அதைக் கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்பது நம் சனம்தான். அரைகுறை டாக்டரிடம் முதலில் சிக்குவதும் நாம்தான். தெரிந்தவருக்கு மதிப்பெண் மறுப்பதும், தெரியாதவரை ஆள் பார்த்துத் தேற்றிவிடுவதும் தரத்தைக் கெடுக்கும்.

இதற்கு வழியும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் 1975-ல் ஒரு தேர்வு முறையை வெளியிட்டார். 'ஆஸ்கி' என்பார்கள். வரிசையாக மேசைகள் இருக்கும். ஒன்றில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், இன்னொன்றில் நோயாளியிடம் பேச வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். எந்தெந்தப் படியைச் செய்தால் எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல் தேர்வாளர் கையில் இருக்கும். அப்பன் பெயரைக் கேட்க அங்கே வேலை இல்லை. இந்த முறை நம் நாட்டுக் கல்லூரிகளுக்கும் புதிதல்ல. பெயருக்கு நடத்தாமல் ஒழுங்காக நடத்த வேண்டும்.

நம் எல்லைப்புறத்துக்கு இன்னொன்றும் உண்டு. இங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்த பிள்ளைகள் பலர். இங்கிலீஷில் கேள்வி வந்ததும் விடை தெரிந்தும் திக்குகிறார்கள். அதே பிள்ளை ஓசூர் மருத்துவமனையில் மூன்று மொழி நோயாளியிடமும் நோயைக் கேட்டறிய முடியும். அந்தத் திறமைக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும்.

கல்லூரிகளிடம் நாம் கேட்பது இவை. இன்டர்னல் மதிப்பெண்ணை அவ்வப்போது காரணத்தோடு மாணவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழித் தேர்வில் ஊர், குடும்பத் தொழில் பற்றிக் கேட்பதை நிறுத்துங்கள். முதலாண்டிலேயே மாலையில் இங்கிலீஷ் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் தேறினார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

மாணவர்களே, லாக்புக்கில் அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாகுபாடு நடந்தால் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கு எழுதுங்கள். தனியாக எழுதாதீர்கள், நாலு பேர் சேர்ந்து எழுதுங்கள்.

பெற்றோரே, சீட்டு கிடைத்த அன்று போட்ட சால்வையோடு நம் கடமை முடியவில்லை. "சாப்பிட்டியா" என்று போனில் கேட்கும்போது, "இன்டர்னல் எவ்வளவு, ஏன் குறைஞ்சுது" என்றும் கேளுங்கள். நம் பிள்ளைக்குப் பின்னால் கேட்க ஆள் இருக்கிறது என்று கல்லூரிக்கும் தெரியட்டும்.