மூச்சை அடைத்தால் தண்ணீர் நுழையும்

மழைக்காலம் பிறந்தால் போதும், பெட்ரோல் ஜீப்பை ஆற்றில் இறக்கும் வீடியோக்கள் கைபேசியை நிறைத்துவிடுகின்றன. கூடவே அதே உபதேசம்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றி சிலிகான் பூசு, பிளக் ஒயர் முனைகளில் கிரீஸை அப்பு, கண்ணில் படும் ஓட்டையையெல்லாம் அடை, இடுப்பளவு தண்ணீரில் தைரியமாக இறங்கு. கேட்கக் கேட்க ஆத்திரம்தான் வருகிறது. அடைப்பதுதான் தண்ணீரிலிருந்து காப்பது என்ற இந்த நம்பிக்கை அடியோடு தவறு. ஓடும் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் முங்கியதும் அது சட்டென்று சுருங்கி, வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கிறது. மூடியின் விளிம்பை அடைத்துவிட்டீர்கள், சரி. வேக்குவம் அட்வான்ஸின் கம்பி நுழையும் துளை? பாயிண்ட் ஒயர் வெளியே வரும் இடத்தில் வெடித்துக் கிடக்கும் பழைய ரப்பர்? காற்றுக்கு வழியில்லாதபோது அவை தண்ணீருக்கு வழிவிடுகின்றன. அப்படி நுழைந்த ஈரம் வெளியேறவும் உங்கள் சிலிகானே தடை. உள்ளே தாவும் ஒவ்வொரு பொறியும் ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்குகிறது. ஈரத்தோடு சேர்ந்து அவை அமிலமாகி உலோகத்தை அரிக்கும். மூடியைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிழித்தது போல ஒரு மெல்லிய கருங்கோடு முனைக்கு முனை ஓடியிருக்கும். 20,000 வோல்ட்டுக்கு அந்தக் கரிக்கோடு போதும், பிளக்குக்குப் போகாமல் அதிலேயே ஓடிவிடும்.

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. 1950 வாக்கில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்த எம்38 ஜீப்பைப் பாருங்கள். 24 வோல்ட் மின்னமைப்பு, பெட்ரோல் இன்ஜின், ஆழமான நீரைக் கடக்கவும் திட்டமிட்ட வண்டி. அதில் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடக்கம். பிளக் ஒயர்கள் உலோக உறைக்குள் ஓடி, மரை போட்ட நட்டுகளால் இறுகியிருக்கும். இவ்வளவு இறுக்கி மூடியவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள்? அந்தக் கூட்டிலிருந்து ஏர் கிளீனருக்குக் குழாய் இழுத்து, அது மூச்சுவிட வழி வைத்தார்கள். ராணுவமே ஒரு காலத்தில் பசை பூசித்தானே கடலில் இறக்கியது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், 1944இல் நார்மண்டியில் அப்படித்தான் வண்டிகள் இறங்கின. ஆனால் படகிலிருந்து கரைவரை போகும் அந்தச் சில நிமிடங்களுக்காகப் பூசிய பூச்சு அது. கரையேறியதும் ஓட்டுநர்கள் அதைப் பிய்த்தெறிய வேண்டியிருந்தது. நிரந்தரமாகத் தண்ணீரைத் தாங்கும் வண்டி தேவைப்பட்டபோது பிறந்தது எம்38. அதில் இருப்பது குழாய். இதில் விந்தை, சிலிகான் பூசும் இதே ஆட்கள் டிஃப்ரென்ஷியலின் பிரீதர் குழாயை மட்டும் மறக்காமல் இன்ஜின் அறைக்கு உயரே இழுத்துக் கட்டுகிறார்கள். சூடான டிஃப்ரென்ஷியல் குளிர்ந்த நீரில் முங்கினால் சீல் வழியே தண்ணீரை இழுத்து ஆயிலைப் பால் போல் ஆக்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே இன்ஜின் அறையில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மட்டும் வேறு இயற்பியலா?

அடுத்தது டப்பா ஸ்பிரே. டபிள்யூடி-40 என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே நீரை விலக்குவது என்பதைத்தான் குறிக்கின்றன. நனைந்ததை உலர்த்த அருமையான பொருள். நனையப்போவதைக் காக்கும் கவசம் அல்ல. அடித்த கையோடு மூடியைப் பூட்டி சாவியைத் திருப்புகிறார்கள்; உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும் என்பதையாவது சொல்ல வேண்டாமா? புது வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, ஆகவே கவலையில்லை என்பது இன்னொரு வாதம். அங்கே பிளக்குகள் சிலிண்டர் ஹெட்டின் ஆழமான குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன. காயிலின் ரப்பர் தளர்ந்திருந்தால் தண்ணீர் அந்தக் குழியில் இறங்கித் தேங்கிவிடும். கிராங்க் சென்சாரின் கனெக்டர் நனைந்தால் ஸ்கேனர் இல்லாமல் கண்டுபிடிப்பதும் சிரமம்.

இந்த நம்பிக்கையின் மூத்த அண்ணன் ஸ்நார்கெல். அது இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். பொறியை அது காப்பதில்லை. ஆனால் அதை மாட்டியவுடன் வரும் துணிச்சலில் இறங்கி, நடு ஆற்றில் நின்று, ஏதோ ஒரு மூட்டு வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போனது தெரியாமல் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனையோ பேர் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் போய் நின்றார்கள். இன்ஜினுக்குத் தனிக் காப்பு எடுக்காதவர்களுக்கு, மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் பாலிசியில் சேராது என்ற வரி அப்போதுதான் தெரிந்தது. விற்கும்போது அதை உரக்கப் படித்துக் காட்ட யாருக்கும் மனம் வருவதில்லை.

அடைக்க வேண்டிய ஓட்டையும் உண்டு, ஆனால் நீரில் இருக்கும் நேரத்துக்கு மட்டும். பழைய லேண்ட் ரோவரின் ஃபிளைவீல் கூட்டுக்கு அடியில் கம்பெனியே ஒரு துளை விட்டிருக்கிறது. கசியும் ஆயில் கிளட்ச்சில் படாமல் வெளியே சொட்டுவதற்காக. ஆழமான நீரில் இறங்குமுன் அதற்கென்றே உள்ள பிளக்கைத் திருகி மூட வேண்டும். கரையேறியதும் கழற்றிவிட வேண்டும். அந்தச் சின்ன பிளக்கைப் பற்றி இந்த வீடியோக்களில் ஒன்றிலாவது ஒரு வார்த்தை வந்திருக்கிறதா?