சிறை முடிந்தவருக்கு முகாம் எதற்கு?

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிலிருந்த ஆறு பேரை விடுதலை செய்து உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று உத்தரவிட்டது. வழக்கும் ஒன்று, உத்தரவும் ஒன்று. ஆறு பேருமே முப்பது ஆண்டுகளைச் சிறைக்குக் கொடுத்தவர்கள். நளினியும் ரவிச்சந்திரனும் வீட்டுக்குப் போனார்கள். சாந்தன், முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகிய நால்வரும் திருச்சி மத்திய சிறை வளாகத்திலேயே இருக்கும் சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நால்வரும் இலங்கையில் பிறந்தவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. தாயைப் பார்க்க ஊருக்கு அனுப்புங்கள் என்று சாந்தன் கேட்டுக்கொண்டே இருந்தார். பதினைந்து மாதம் கழித்து, போகலாம் என்ற அனுமதி கைக்கு எட்டிய சில நாள்களில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இறந்துபோனார். யாழ்ப்பாணத்துக்கு உடல்தான் போய்ச் சேர்ந்தது. மற்ற மூவரும் அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்று 2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. விசா பெற்று இந்தியா வந்த ஓர் இலங்கைத் தமிழர் 2015-இல் கைது செய்யப்பட்டு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2018-இல் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் அதை ஏழாண்டாகக் குறைத்தது. தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், அதுவரை முகாமில் இருக்க வேண்டும் என்றது. மனைவியும் பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள், திரும்பினால் உயிருக்கு ஆபத்து, மூன்றாண்டாக முகாமில் அடைபட்டிருக்கிறேன் என்று அவர் முறையிட்டார். உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இது தர்ம சத்திரம் அல்ல, 140 கோடிப் பேரை வைத்துக்கொண்டு நாமே திண்டாடுகிறோம் என்று சொல்லி, நீதிபதி தீபாங்கர் தத்தா தலைமையிலான அமர்வு மனுவை ஏற்க மறுத்துவிட்டது. போக விரும்பியவரைப் பிடித்து வைத்தது எதுவோ, அதுதான் இருக்க விரும்புகிறவரை வெளியே தள்ளவும் பார்க்கிறது. இரண்டு இடத்திலும் அந்த மனிதர் யார், என்ன செய்தார், எத்தனை காலம் ஆயிற்று, யாரோடு வாழ்கிறார் என்று எடைபோட்டுப் பார்க்கும் ஒரு கட்டம் நடுவில் இல்லை. நான் முறையிடுவது அந்தக் குறையைப் பற்றித்தான். வெளிநாட்டவர் யாரையும் எப்போதும் அனுப்பவே கூடாது என்று நான் வாதாடவில்லை.

இது ஒன்றிய அரசின் விவகாரம் என்று உங்கள் அதிகாரிகள் குறிப்பெழுதக்கூடும். குடியுரிமையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் சிறப்பு முகாமில் ஒருவரை வைக்கும் ஆணை, 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் மூன்றாம் பிரிவைக் காட்டி, சென்னைக் கோட்டையில் உங்கள் அரசின் பொதுத்துறையிலிருந்துதான் புறப்பட்டு வந்தது. இன்ன இடத்தில் குடியிரு என்று கட்டளையிட அந்தப் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 செப்டம்பர் 1 முதல் வந்திருக்கும் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் அவ்வதிகாரத்தைக் கைவிடவில்லை. குடியிருக்கும் இடத்தைக் குறிக்கும் அதிகாரத்தைக் கொண்டு காவலும் பூட்டும் உள்ள இடத்தில், முடிவு தேதி குறிக்காமல், ஒருவரை வைப்பதைத்தான் தமிழ்நாடு 1990-லிருந்து செய்துவருகிறது. கட்சிகள் மாறி மாறி ஆண்டன. இந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை. ஜாமீன் கிடைத்தவர் சிறை வாசலிலிருந்தே முகாமுக்கு ஏற்றப்பட்டதும் உண்டு. தண்டனைக் கைதிக்காவது விடுதலை நாள் தெரியும்.

வெளிநாட்டவரை வெளியேற்றும் உரிமை அரசுக்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஹான்ஸ் முல்லர் வழக்கில் 1955-லேயே உச்ச நீதிமன்றம் அதை வரம்பற்ற அதிகாரம் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதிகாரம் உண்டு என்றுதான் நீதிமன்றம் சொன்னது; தண்டனை பெற்ற ஒவ்வொருவர் மீதும் அதைப் பாய்ச்சியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் அதே நீதிமன்றம், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதவர்க்கும் உண்டு என்று கூறி, அவர்களைக் காக்கும் பொறுப்பை அருணாசலப் பிரதேச அரசின் மீது வைத்தது. ஒரு மாநில அரசுக்கு இதில் வேலையில்லை என்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கலாம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001-இல் பூல்திஃப் வழக்கில், குற்றத்தின் கடுமை, நாட்டில் வாழ்ந்த காலம், குற்றத்துக்குப் பிந்தைய நடத்தை, மனைவி மக்களின் நிலை ஆகியவற்றைப் பார்த்த பிறகே நாடுகடத்துவது பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று அளவுகோல் வகுத்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. நாமே விரும்பிக் கடைப்பிடிக்கவும் எதுவும் தடுக்கவில்லை.

இலங்கைப் போர்தான் 2009-இல் முடிந்துவிட்டதே, ஊருக்குப் போகட்டுமே என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு, முறையான தாள்களுடன், 2025 மே மாதம் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். பல்லாண்டுகளுக்கு முன் உயிர் தப்பிக் கடல் தாண்டியது சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போன குற்றமாம். குற்றம் எதுவும் செய்யாத முதியவருக்கே இந்த வரவேற்பு என்றால், விடுதலைப் புலிகளின் பெயரால் இங்கே தண்டனை பெற்றவருக்கு அங்கே என்ன காத்திருக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா? இன்னொன்று: ஊர் என்பது எது? எங்கள் தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூரை அடுத்த போகநல்லூரிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. இத்தகைய முகாம்களில் இரண்டு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண் இந்தியக் குடிமகள்தான் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் தீர்ப்பளித்தது. அவர் 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இல்லாதவரை, அந்த உரிமை கிடையாது. அப்படிப் பின்னால் பிறந்து, சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரான தம்பியோ தங்கையோ ஒரு வழக்கில் சிக்கித் தண்டனை பெற்றால், கண்ணால் காணாத நாட்டுக்கு அனுப்பப்படக் கூடியவர். விருந்துக்கு வந்த இடத்தில் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற பேச்சு இவர்களுக்கு எப்படிப் பொருந்தும்?

பாதுகாப்பு என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவோடு மாண்ட காவலர்கள், தொண்டர்களின் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்கள்தான். அவர்கள் கோபத்துக்கு நியாயம் உண்டு. அந்தக் கோபத்தைக் கேட்டுத் தண்டனையை அளப்பதற்குத்தான் நீதிமன்றம் இருக்கிறது. அது அளந்து முடித்த பிறகு கோட்டையிலிருந்து ஒரு கோப்பு மேலும் அளக்கத் தொடங்குவதைத்தான் கேள்வி கேட்கிறேன். விடுதலையானவர் இன்னமும் ஆபத்தானவர் என்றால், அதற்கான ஆதாரத்தைக் காவல்துறையின் கியூ பிரிவு எழுத்தில் வைக்கட்டும். அவர் பதில் சொல்லட்டும். நீதி அறிந்த ஒருவர் முடிவு செய்யட்டும். பழைய தண்டனையே இன்றைய ஆபத்துக்கு ஆதாரம் என்றால் நளினியும் ரவிச்சந்திரனும் வெளியில் இருப்பது எப்படி?

அமெரிக்காவில் சுப்பிரமணியம் வேதத்தின் செய்தி வந்தபோது நாம் வருந்தினோம். இந்தியாவில் பிறந்து ஒன்பது மாதக் குழந்தையாக அங்கே போனவர். நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர். கொலைத் தீர்ப்பு ரத்தாகி, நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட சிறைவாசம் 2025 அக்டோபரில் முடிந்த அன்றே, இளமைக்கால போதைப்பொருள் வழக்கு ஒன்றைக் காட்டி, நாடுகடத்துவதற்காகக் குடிவரவு அதிகாரிகள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அது அநியாயம் என்று சொல்ல நமக்குச் சட்டப் புத்தகம் தேவைப்படவில்லை. ஆனால் அங்கேகூட முறையிட ஒரு குடிவரவு நீதிமன்றம் இருந்தது. நாடுகடத்தல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. திருச்சி முகாமில் இருப்பவர் முறையிடும் இடம் முகாமின் துணை ஆட்சியர். அவர் கையிலும் அதிகாரம் இல்லை.

சட்டமன்றத்தில் 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்து, அகதி முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கச் செய்தது தமிழ்நாடு அரசு. பதிவு பெற்று, 2015 ஜனவரி 9-க்குள் வந்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசும் 2025-இல் விலக்கியிருக்கிறது. தண்டனை முடித்தவர்கள்தான் இந்த நல்லெண்ணத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களையும் உள்ளே கொண்டுவரப் பெரிய செலவு தேவையில்லை. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து, சிறப்பு முகாமில் உள்ள ஒவ்வொருவரையும் வழக்கறிஞர் உடனிருக்க விசாரியுங்கள். போக விரும்புகிறவரின் பயணத் தாள்களுக்காகத் தூதரகத்தையும் தில்லியையும் நெருக்குங்கள். இங்கே குடும்பம் உள்ளவரை அவர்களோடு வாழவிட்டு, காவல் நிலையத்தில் கையெழுத்திடச் சொல்லுங்கள். அவரை அனுப்ப வேண்டாம் என்று ஒன்றிய அரசுக்குப் பரிந்துரையுங்கள். முகாமில் வைக்கும் ஆணை எதுவானாலும் ஆறு மாதத்தில் காலாவதியாகட்டும். நீட்டிக்க வேண்டுமானால் காரணத்தை எழுதி முகாமில் இருப்பவர் கையில் கொடுங்கள். முதல் வேலையாக, திருச்சியில் இன்று எத்தனை பேர், எத்தனை காலமாக, எந்த ஆணையின்படி இருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சட்டமன்றத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
சங்கரன்கோவில் தொகுதி வாக்காளர் ஒருவர்