‘டிராப்’ எடுக்கும் வசதி யாருக்கு இருக்கிறது?

நீட் முடிவுகள் வந்த மறுநாளிலிருந்து எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். “அண்ணா, ஒரு வருஷம் டிராப் எடுக்கலாமா, டிகிரி சேர்ந்திடலாமா? சேர்ந்தா எந்த டிகிரி?” வெறும் படிப்பு ஆலோசனை போலத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது, வர்க்கம் இருக்கிறது. கேட்பவள் பெண் என்றால் கல்யாணப் பேச்சும் இருக்கிறது.

நுழைவுத் தேர்வை ஒழித்த தமிழ்நாட்டில், பத்தாண்டு காலம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. 2017இல் நீட் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை இழந்தோம். நீதிபதி ஏ.கே. இராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். 2016-17இல் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்களில், பள்ளி முடித்து மறுமுறை முயன்று வந்தவர்கள் 12 விழுக்காடு அளவில்தான் இருந்தார்கள். 2020-21இல் அது 71 விழுக்காடு ஆனது.

இந்தத் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். வயது உச்சவரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் ஒரே விதிதானே என்பார்கள். ஆனால் ஓராண்டின் விலை எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. மருத்துவர் வீட்டுப் பையனுக்கு அது பயிற்சி மையக் கட்டணமும் தனி அறையும். சூளையில் கல் அறுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது கட்டணத்துக்கு வாங்கும் கடன், வராமல் போகும் கூலி, “இன்னும் எத்தனை நாள் சும்மா இருக்கப் போற?” என்ற ஏச்சு. ஆண்டுகளைக் காசு கொடுத்து வாங்க முடிந்தவர்களின் வசதிக்குத்தான் இங்கே ‘தகுதி’ என்று பெயர்.

ஆகவே என் பதில் இது: கையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கிருந்தபடி மீண்டும் எழுதுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதி, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் எல்லாம் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்குத்தான். பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடையாது. பெண் பிள்ளைக்குக் கல்லூரி அடையாள அட்டை, மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களைத் தள்ளிப்போடும் ஆயுதமும்கூட.

எந்த டிகிரி? விலங்கியலோ உயிர்வேதியியலோ படித்தால் நீட்டில் மதிப்பெண் கூடிவிடும் என்று நம்ப வேண்டாம். அந்தத் தேர்வு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில்தான் நடக்கிறது. பட்டம் இருப்பதால் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் தனிச் சலுகையும் இல்லை. எனவே மருத்துவ இடம் கிடைக்காமலே போனாலும் உங்களைச் சொந்தக் காலில் நிறுத்தும் படிப்பு எது என்று பாருங்கள். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் கிடைப்பவை. ஆனால் நர்சிங்கில் மருத்துவமனைப் பணியும் சேர்ந்தது, நீட்டுக்குப் படிக்க நேரம் குறையும். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தால் கட்டணமும் குறைவு, நேரமும் மிஞ்சும், முதுகலை, பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. என்று வழிகளும் உண்டு. சேரும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நடுவில் விலகினால் கட்டணம் என்னவாகும்? கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இலேயே யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. அதை நினைவில் வையுங்கள்.

இப்படிச் சொல்லும்போது எனக்கே ஓர் உறுத்தல் உண்டு. “உங்களுக்கெல்லாம் எதுக்கு டாக்டர் படிப்பு, நர்சிங் போதாதா?” என்று கேட்கும் குரலும் இதே ஆலோசனையைத்தான் சொல்கிறது. வேறுபாடு எங்கே? அந்தக் குரல் உங்கள் உயரத்தை நிர்ணயிக்கிறது. நான் கேட்பது, ஏறும்போது காலுக்கடியில் ஒரு படி இருக்கட்டும் என்பதை. செவிலியர், மருந்தாளுநர் வேலைகளைத் தோற்றவர்களின் புகலிடமாகப் பார்ப்பதும் படிநிலைப் புத்திதான். கையால் செய்யும் உழைப்பை இழிவாக்கிய அதே சாதிப் புத்தி அது.

கடைசியாக நமக்கு, தோழர்களே. நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். போராட்டம் நீளும், நடத்துவோம். அதுவரை பதினேழு வயதுப் பிள்ளை தன் முடிவைத் தனியாக எடுக்கும்படி விட்டுவிடக் கூடாது. கல்லூரி விடுதிகளிலேயே மாலை நேர நீட் வகுப்பு வேண்டும் என்று அரசிடம் கேட்போம். நம் படிப்பகங்களில் இரவு பத்து மணிவரை விளக்கு எரியட்டும். மருத்துவம் படித்து முடித்த நம் தோழர்கள் வாரம் ஒரு நாள் வந்து பாடம் நடத்தட்டும். ஓராண்டை விலை கொடுத்து வாங்க முடியாத பிள்ளைக்கு, அந்த ஓராண்டை ஊர் கூடித்தான் கொடுக்க முடியும்.