யார் வரக்கூடாது என்று சொல்லும் பலகைகள்



பொது வீதியில் தன் சமயத்தைப் போற்றி வைக்கும் பலகையும் பிற சமயத்தவரை விலகச் சொல்லும் பலகையும் ஒன்றல்ல. வெசாக் தோரணம், ஆடிவேல் வளைவு, நத்தார் வாழ்த்து, மீலாத் கொடி எல்லாம் முதல் வகை. “இவர்களிடம் வாங்காதே”, “இவர்களுக்கு இடம் கொடுக்காதே”, “இந்த ஊருக்குள் வராதே” என்பவை இரண்டாம் வகை. சட்டம் கையில் இருந்தும் இரண்டாம் வகையை அகற்ற உள்ளூராட்சி மன்றங்களும் பொலிஸாரும் காட்டும் தயக்கம் கண்டனத்துக்குரியது.

வழிபாட்டிடத்துக்குள் பேசப்படுவதைக் கேட்க விரும்பாதவர் உள்ளே போகாமல் இருக்கலாம். வீதியில் அந்த வசதி இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அத்துடன், மின்கம்பத்திலோ சபையின் மதிலிலோ மாதக்கணக்கில் தொங்கும் வாசகம் காலப்போக்கில் அரசின் சம்மதம் பெற்றதாகவே தோன்றத் தொடங்குகிறது.

கொழும்புக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, பொரளையிலிருந்து கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் புனித லூசியா பேராலயத்தின் அயலில் தாக்கப்பட்டது. கன்னி மரியாளையும் சிலுவையையும் கேலி செய்யும் உருவங்கள் ஊர்வலத்தில் வருவதாகப் பரவிய வதந்தியே கத்தோலிக்கக் கூட்டத்தைத் திரட்டியது. அந்த விகாரையின் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் 1873 பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவப் போதகர்களை எதிர்கொண்டவர். இரு தரப்பும் பல ஆண்டுகளாகத் துண்டுப் பிரசுரங்களால் மோதி வந்ததால், கண்ணால் காணாத உருவத்தை நம்புவதற்கும் ஊர் தயாராக இருந்தது. கலவரத்துக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பௌத்தர்களின் முறைப்பாட்டுடன் பிரம்மஞான சபைத் தலைவர் ஒல்கொட் 1884 இல் லண்டன் சென்றார். 1885 இல் வெசாக் விடுமுறை நாளானது. பௌத்த கொடியும் அதே ஆண்டில் ஏற்றப்பட்டது. அவமதிக்கப்பட்டதாகக் கருதிய ஒரு தரப்பு வன்முறையில் இறங்கியது. தாக்கப்பட்ட தரப்பு மனு எழுதியது. பலன் மனுவுக்கே கிடைத்தது.

அண்மைக் காலம் இதற்கு மாறான பாடத்தைக் காட்டுகிறது. 2013 பெப்ரவரி 17 அன்று மஹரகமவில் பௌத்த தேசியவாத அமைப்பான பொதுபல சேனா நடத்திய கூட்டத்தை ஒட்டி ஹலால் இலச்சினைக்கு எதிரான பிரசாரம் வலுத்தது. மார்ச் மாதம், ஹலால் சான்றிதழ் வழங்கிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ச் சந்தையில் அந்த இலச்சினையை விட்டுக்கொடுத்தது. பகை அதோடு அடங்கவில்லை. மார்ச் 28 இரவு பெப்பிலியானவில் முஸ்லிம் ஒருவரின் ஆடைக் களஞ்சியம் தாக்கப்பட்டது. ஓகஸ்டில் கிராண்ட்பாஸ் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. 2014 ஜூனில் அளுத்கமை எரிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின், டங்கொட்டுவ வாராந்தச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளுக்கு இடமில்லை என்று வென்னப்புவ பிரதேச சபைத் தவிசாளரே எழுத்தில் அறிவித்தார். மாரவில நீதவான் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படி விலக்குவது ஒரு சமூகத்தின் குற்றம் மட்டுமல்ல. வடக்கிலும் மதமாற்றத்தையும் மாட்டிறைச்சியையும் காட்டி அயலாரை விரட்டப் பார்க்கும் சுவரொட்டிகள் தமிழிலேயே ஒட்டப்பட்டுள்ளன.

சட்டத்தில் குறை அதிகம் இல்லை. அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும்போதே 10 ஆம், 14 ஆம் உறுப்புரைகளின் சமய சுதந்திரத்தையும் உறுதி செய்கிறது. 12(3) ஆம் உறுப்புரையின்படி இனம், மதம், சாதி போன்ற காரணங்களால் எவரையும் கடைகளுக்கோ பொது உணவகங்களுக்கோ போக விடாமல் தடுக்க முடியாது. தண்டனைச் சட்டக் கோவையின் 291அ, 291ஆ பிரிவுகள் சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்குடன் செய்யப்படும் செயல்களைக் குற்றமாக்குகின்றன. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமான குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பாரபட்சத்தையோ பகையையோ வன்முறையையோ தூண்டும் மத வெறுப்புப் பரப்புரைக்குப் பத்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. 2023 இலும் பிணையை மேல் நீதிமன்றம் மட்டுமே வழங்க முடிந்தது.

இந்தக் கடுமையான பிரிவு யார்மீது பாய்ந்தது? 2019 ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார சிறை சென்றார். அடுத்த மாதம் ஹசலக்கவில், உடையிலிருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தின் படத்தைத் தர்மச் சக்கரம் என்று கருதி ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸார் கைது செய்தனர். 2023 மே மாதம் ஒரு மேடைப் பேச்சுக்காகக் கைதான நகைச்சுவைக் கலைஞர் நத்தாஷா எதிரிசூரிய ஜூலை வரை விளக்கமறியலில் இருந்தார். மறுபுறம், 2016 இல் இஸ்லாத்தைப் பற்றிக் கூறிய கருத்துக்காகப் பொதுபல சேனாவின் ஞானசார தேரருக்குத் தண்டனை கிடைத்தது 2024 மார்ச்சில்தான். கதைக்கும் உடைக்கும் உடனடிக் கைது, பகைப் பேச்சுக்கு எட்டு ஆண்டுத் தாமதம் என்பது நீதியல்ல.

“யாருடைய மனம் புண்பட்டது” என்று கேட்டுக்கொண்டு சட்டத்தை எடுப்பதே இந்தக் கோணலுக்குக் காரணம். அப்படிக் கேட்டால் பெரிய கூட்டம் சேர்ப்பவரின் மனம்தான் எப்போதும் கூடுதலாகப் புண்படும். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 2012 இல் உருவான ரபாத் செயற்திட்டம் வேறு அளவுகோலைத் தருகிறது: சூழல், பேசுபவரின் செல்வாக்கு, நோக்கம், வாசகம், பரவும் அளவு, தீங்கு நேரும் வாய்ப்பு ஆகிய ஆறு. இவற்றால் அளந்தால் சிறுகதை தப்பும்; சந்தை வாசலில் “இவர்கள் வரக்கூடாது” என்று நிற்கும் பலகை தப்பாது.

எங்கள் களனி இந்த விடயத்தில் முன்மாதிரியாக நிற்கக்கூடிய ஊர். இரத்தினச் சிம்மாசனத்துக்காகச் சண்டையிட்ட இரு நாக அரசர்களை நாகதீபத்தில் புத்தர் சமாதானப்படுத்தினார் என்றும், அங்கிருந்த களனி நாக அரசன் மணியக்கிகனின் அழைப்பை ஏற்றே அவர் களனிக்கு வந்தார் என்றும் மகாவம்சம் சொல்கிறது. ரஜமகா விகாரை வளவிலுள்ள விபீஷண தேவாலயத்தில் இந்துக்களும் கும்பிடுகிறார்கள். சண்டை தீர்த்த கதையோடு பிணைந்த ஊரின் வீதிகளில் விலக்கும் வாசகத்துக்கு இடமிருக்கலாகாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பொது இடத்தில் வைக்கும் எந்தச் சமயப் பலகைக்கும் முன் அனுமதியும், வைத்தவரின் பெயரும், அகற்றும் திகதியும் கட்டாயமாக வேண்டும். எல்லாச் சமயத்துக்கும் ஒரே விதி. விலக்கும் வாசகத்தைப் பொலிஸார் படமெடுத்துப் பதிவு செய்து உடன் அகற்ற வேண்டும்; கூட்டம் கூடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பொதுமக்கள் எதிர்ப் பலகை நடுவதும் இரவில் கிழித்தெறிவதும் வைத்தவருக்கே உதவும். சபைச் செயலாளருக்கும் பொலிஸுக்கும் எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்திருக்க வேண்டும். அதிகாரிகள் அசையாவிட்டால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அதன் விசாரணைக் காலம் இந்தக் கெடுவில் கணக்கிடப்படாது. இத்தனை வழிகளும் மக்களுக்குத் திறந்திருந்தாலும், அனுமதி விதியை எழுதி நடைமுறைப்படுத்தும் முதல் கடமை உள்ளூராட்சி மன்றங்களையே சாரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களனி.