இரு நாடுகள், ஒரே கடவுச்சீட்டு: இளம் வீரர்களை இந்திய கால்பந்து எட்ட முடியாதது ஏன்?

திருவனந்தபுரம்: வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சாவளி கால்பந்து வீரர்களைத் தேசிய அணியில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் வலுப்பெற்றுள்ளது. 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறத் தவறியதும், பெங்களூரு எஃப்சி வீரர் ரயான் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடிமகனானதும் இதற்கு உடனடிக் காரணங்கள். எனினும், நடப்புச் சட்டம் எந்த வயது வீரர்களுக்கு வழிவிடுகிறது, எந்த வயது வீரர்களைத் தடுக்கிறது என்ற கேள்வி இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை.

கேரளத்துக்கு இக்கேள்வி மிக நெருக்கமானது. 2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி, அம்மாநிலத்தைச் சேர்ந்த சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் வாழ்கின்றனர். அவர்களில் மாணவர்கள் மட்டும் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர். வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் பெரும்பாலும் இந்தியக் குடிமக்களாகவே நீடிக்கின்றனர். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியேறுவோரின் பிள்ளைகளோ அந்நாடுகளின் குடிமக்களாக வளர்கின்றனர். கால்பந்தை உயிராக நேசிக்கும் மாநிலத்தின் அடுத்த தலைமுறையில் ஒரு பகுதி, வேறு நாட்டுக் கடவுச்சீட்டுடன் மைதானத்தில் இறங்குகிறது.

கண்ணூரைப் பூர்விகமாகக் கொண்ட தஹ்சின் முகமது ஜம்ஷித் இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு. கத்தாரில் வளர்ந்து அல் துஹைல் கிளப்பில் ஆடும் அவர், 2024 ஜூன் மாதத்தில் ஆப்கானிஸ்தான், இந்தியா ஆகிய அணிகளுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டங்களுக்கான கத்தார் அணியில் இடம்பிடித்தார். அப்போது அவருக்கு வயது 17.

சட்டம் சொல்வது என்ன?

இந்திய அரசமைப்பின் 9ஆவது பிரிவும், 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமைக்கு இடமளிப்பதில்லை. தாமாக முன்வந்து வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பரவலாக வழங்கப்படும் ஓசிஐ அட்டை, இந்திய வம்சாவளியினருக்கு விசா இன்றி வந்துசெல்லும் உரிமை உள்ளிட்ட சில சலுகைகளைத் தருகிறது. ஆனால், பெயரில் குடியுரிமை இருந்தாலும் அது வாக்குரிமையோ கடவுச்சீட்டோ அளிப்பதில்லை.

சிறுவர்களுக்கு மட்டும் சட்டம் ஒரு சிறு இடைவெளியை விட்டுவைத்துள்ளது. இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்து, வம்சாவளி அடிப்படையில் இந்தியக் குடியுரிமை பெற்ற குழந்தை, பிறந்த நாட்டின் குடியுரிமையையும் கொண்டிருக்க நேரலாம். அத்தகையோர் 18 வயது நிறைந்த ஆறு மாதங்களுக்குள் மற்ற நாட்டின் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை முடிவுக்கு வந்துவிடும். இளம் வீரர் ஒருவர் தமது முதல் தொழில்முறை ஒப்பந்தத்தை எதிர்நோக்கும் வயதும் ஏறக்குறைய இதுவே.

ஓசிஐ அட்டை உள்ளவர் குடியுரிமை கோரும் வழியும் எளிதன்று. அட்டை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். சிறப்புச் சூழ்நிலையில் அதிகபட்சம் 30 நாட்கள் வரையே மத்திய அரசால் தளர்வு அளிக்க முடியும். ஐரோப்பிய கிளப் ஒன்றில் பயிற்சி பெறும் 19 வயது இளைஞர் இந்த நிபந்தனையை நிறைவேற்ற வேண்டுமானால், அந்த கிளப்பை விட்டே வெளியேற வேண்டும்.

முப்பதைக் கடந்தவர்கள்

இதுவரை இந்த வழியில் வந்தவர்களின் வயதே நிலைமையை விளக்குகிறது. ஜப்பானில் பிறந்த இசுமி அராத்தா, 2006இல் இந்தியா வந்து பல கிளப்புகளில் ஆடிய பின்னர் ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்தார். 2013இல் இந்தியாவுக்காக அறிமுகமானபோது அவருக்கு வயது 30. போர்ட்ஸ்மவுத் உள்ளிட்ட ஆங்கிலேய கிளப்புகளில் விளையாடிய ரயான் வில்லியம்ஸ், 2023இல் பெங்களூரு எஃப்சியில் இணைந்தார். 2025 நவம்பரில் இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றபோது அவருக்கு வயது 32. அவருடைய தாய்வழித் தாத்தா 1950களில் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் பம்பாய் அணிக்காக ஆடியவர்.

இருவருமே இந்தியாவில் தொழில் செய்துகொண்டிருந்தவர்கள். வெளிநாட்டு வாய்ப்புகளில் பெரும்பகுதியை முன்னரே பயன்படுத்தியவர் வில்லியம்ஸ். அவர்களுடைய முடிவின் மதிப்பு இதனால் குறைந்துவிடாது. ஆனால், 20 வயது வீரருக்கு அதே முடிவு முற்றிலும் வேறொரு விலையைக் கோருகிறது.

அந்த விலையை சுனில் சேத்ரியின் அனுபவம் காட்டுகிறது. 2009இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லாததால், அவருக்குப் பணி அனுமதி கிடைக்கவில்லை. 2025 நவம்பரில் இந்தியா 140ஆவது இடத்துக்கும் கீழே இருந்தது. பிரிட்டனில் பிறந்த ஒருவர் தமது கடவுச்சீட்டைக் கைவிட்டால், பிறந்த நாட்டிலேயே பணி அனுமதி கேட்டு நிற்கும் நிலை ஏற்படலாம். லிவர்பூல் அகாதமியில் வளர்ந்த பர்மிங்காம் வீரர் யான் தண்டா, இந்தியாவுக்காக ஆட விருப்பம் தெரிவித்தும் அது கைகூடாததன் பின்னணி இதுதான்.

அண்டை நாடுகளின் பாதை

வங்கதேசம் குறிப்பிட்ட பல நாடுகளின் குடியுரிமையுடன் தனது குடியுரிமையையும் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. லெஸ்டர் சிட்டி வீரர் ஹம்சா சௌத்ரி, பிரிட்டிஷ் குடிமகனாக இருந்துகொண்டே 2025 மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக வங்கதேசத்துக்காக அறிமுகமானார். அந்த ஆட்டம் கோல் இன்றி முடிந்தது. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசம் 1-0 என வென்றது. 2003க்குப் பின் இந்தியாவுக்கு எதிராக அந்த அணி பெற்ற முதல் வெற்றி இது. அப்போது இந்திய முகாமில் இருந்த வில்லியம்ஸ், அனுமதி நடைமுறைகள் நிறைவடையாததால் களமிறங்க இயலவில்லை.

இலங்கையும் விண்ணப்பத்தின் பேரில் இரட்டைக் குடியுரிமை வழங்குகிறது. ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கமர்க்னெக்ட், ஸ்வீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் போன்றோர் அந்நாட்டு அணியில் ஆடியுள்ளனர்.

எனினும், வெளிநாட்டில் வளர்ந்த வீரர்கள் வெற்றிக்கு உத்தரவாதம் அல்லர் என்பதைத் திருவனந்தபுரமே கண்டிருக்கிறது. இங்குள்ள கிரீன்ஃபீல்டு மைதானத்தில் 2016 ஜனவரி 3 அன்று நடந்த தெற்காசிய கால்பந்து சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளில் வளர்ந்த வீரர்கள் பலரைக் கொண்ட நடப்புச் சாம்பியன் ஆப்கானிஸ்தானை இந்தியா 2-1 என வீழ்த்தியது. ஜெஜே சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் சேத்ரி அடித்த கோல் கோப்பையைப் பெற்றுத் தந்தது.

ஓசிஐ அட்டை மட்டும் போதுமா?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மட்டுமே நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தலாம் என்ற மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் 2008ஆம் ஆண்டு முடிவைத் தளர்த்தினால் போதும் என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. இது பாதி உண்மையே. ஒரு நாட்டுக்காக ஆடுபவர் அந்நாட்டின் நிரந்தரக் குடியுரிமையைக் கொண்டிருக்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் அடிப்படை விதி. ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல என்பதால், அமைச்சகம் இசைந்தாலும் கால்பந்தில் தடை நீங்காது. இதற்கு நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்த வேண்டும்.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய விளையாட்டுக் கொள்கை, திறமையான வம்சாவளி வீரர்கள் நாடு திரும்பி இந்தியாவுக்காக ஆடுவதை ஊக்குவிக்கலாம் என்கிறது. ஓசிஐ தகுதியுடைய 33 வீரர்களை அணுகியுள்ளதாக அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் தலைவர் கல்யாண் சௌபேயும் அதே ஆண்டில் தெரிவித்தார். ஆனால், திரும்பி வருவோர் ஓராண்டு எங்கே ஆடுவார்கள் என்பதும் முக்கியம். 2025-26 பருவத்தின் இந்தியன் சூப்பர் லீக் போட்டிகள், வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் வழக்கமான காலத்தில் தொடங்கவே இல்லை.

மறுபக்க வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர் போன்ற திருவனந்தபுரம் மாவட்டத்தின் மீனவ கிராமங்கள், கடற்கரை மணலில் பழகிய இளைஞர்களைச் சந்தோஷ் கோப்பை அணிகளுக்கு அனுப்பியுள்ளன. அவர்களுக்குத் தரமான மைதானமும் பயிற்சியும் தடையற்ற லீக்கும் இல்லாத நிலையில், வெளியிலிருந்து வரும் சில வீரர்களால் அடிப்படைக் குறை தீராது. 2016இல் இங்கு கோப்பை வென்றதும் உள்நாட்டில் உருவான அணியே.

எனவே, இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதா என்பது கால்பந்தையும் தாண்டிய அரசியல் முடிவு. அதை எடுக்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஆனால், நடப்புச் சட்டம் மாறாத வரை அதன் விளைவு தெளிவானது: முப்பதைக் கடந்து இந்தியாவில் நிலைகொண்டவர்கள் அவ்வப்போது வரக்கூடும், வெளிநாட்டில் தொழில் தொடங்கும் 18 வயது வீரரிடம், நாட்டுப்பற்று குறித்து எவரும் கேட்கும் முன்பே, பிழைப்பா குடியுரிமையா என்று சட்டம் கேட்டுவிடும். அவருக்கு விடையளிக்கக் கிடைப்பது ஆறு மாதங்கள் மட்டுமே.