தவறான வீட்டில் சோதனை: அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் போலீஸ் சோதனையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆந்திர எல்லை வழியாக வரும் கஞ்சாவைத் தடுக்கச் சொல்லி முதலில் குரல் கொடுப்பவர்கள் இங்கே பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள்தான். எங்கள் நிலைப்பாடு வேறு. தேடி வந்த வீடு இது இல்லை என்று தெரிந்ததும், சோதனைக்கு வந்த அதிகாரி அதை ஒரு தாளில் எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டு, குடியிருப்பவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். எங்களுடைய மற்றக் கோரிக்கைகள் எல்லாம் இந்த ஒரு தாளிலிருந்து பிறப்பவை.

வீடு மாறிப்போவது இந்தப் பகுதியில் ஏன் இவ்வளவு சுலபம் என்பதை, இங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெத்திக்குப்பத்திலும் கவரைப்பேட்டையிலும் தேர்வாய்கண்டிகைப் பக்கமும் தொழிலாளர்கள் தங்குவது பெரும்பாலும் லைன் வீடுகளில். ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் தகரக் கதவு. கதவு எண் கிடையாது. பல இடங்களில் முழு வரிசைக்கும் ஒரே மின்சார மீட்டர். "மெடிக்கல் ஷாப் பின்னாடி, பச்சை கேட், மூணாவது ரூம்" என்பதுதான் முகவரி. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது என்று தகவல் சொன்னவரும் சொல்வதில்லை, கேட்டவரும் கேட்பதில்லை. அதிலும் பகல் ஷிப்டுக்காரரும் நைட் ஷிப்டுக்காரரும் ஒரே பாயை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அறைகள் உண்டு. இன்பார்மர் மாலையில் பார்த்த ஆள் ஒருவர், விடியற்காலையில் உள்ளே படுத்திருப்பவர் இன்னொருவர். "வடக்கத்திப் பசங்க ரூம்" என்ற அடையாளத்தோடு கிளம்பினால், இந்த வட்டாரத்தில் அது எத்தனை கதவுகளுக்குப் பொருந்தும் என்று காவல் நிலைய ரைட்டருக்கே தெரியும்.

இதோடு எல்லைச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 2022 ஜனவரியில் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் வந்தபின், மீஞ்சூர், சோழவரம் பக்கம் ஆணையரிடமும், கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்ட எஸ்.பி.யிடமும் இருக்கின்றன. தனிப்படை என்றால் சென்னையிலிருந்தும் வரும். உள்ளூர் ஏட்டையாவை உடன் அழைத்துப் போனாலே பாதித் தவறுகள் நடக்காது. தெருவை அறிந்தவர் அவர்தான்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கோளாறு அல்ல. 2017 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எஃப்.பி.ஐ. படையினர் விடிவதற்குள் ஒரு வீட்டுக் கதவை உடைத்து, கண்ணைக் கூச வைக்கும் வெடியை எறிந்து உள்ளே புகுந்தார்கள். அவர்கள் தேடிய வீடு பக்கத்தில் வேறு தெருவில் இருந்தது. படைத்தலைவர் ஜி.பி.எஸ். கருவியை நம்பி வந்திருந்தார். எண் எழுதிய தபால் பெட்டி தெருவிலிருந்து தெரியவில்லை. அந்தக் குடும்பம் தொடுத்த இழப்பீட்டு வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 2025 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை விலக்கி, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அதுவும் இறுதி வெற்றி அல்ல. ஆனாலும், எந்த வீடு, எந்த நேரம், எந்த அதிகாரி என்பதில் அங்கே தகராறு இருக்கவில்லை. நம் ஊரில் வழக்கு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 185ஆம் பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் சோதனைக்குப் போகும் அதிகாரி தன் சந்தேகத்துக்கான காரணத்தை முன்னதாகவே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். குடியிருப்பவர் விண்ணப்பித்தால் அவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். 103ஆம் பிரிவு அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. 105ஆம் பிரிவு சோதனை முழுவதையும் வீடியோவில் பதியச் சொல்கிறது. கதவை உடைக்கலாம், ஆனால் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லி, திறக்கச் சொல்லி, அதன் பிறகும் திறக்காவிட்டால்தான்.

ஓட்டை எங்கே என்றால், இவையெல்லாம் சரியான வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மகஜர் என்பது கைப்பற்றிய பொருள்களின் பட்டியல். எதுவும் கைப்பற்றப்படாத வீட்டில் எழுத என்ன இருக்கிறது என்று போய்விடுகிறார்கள். கேஸ் டைரியில் ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அது தேடிப்போன முகவரியாக இருக்குமே தவிர, உடைக்கப்பட்ட கதவின் முகவரியாக இருக்காது. நகல் கேட்டு நீதிமன்றம் போகும் தொழிலாளிக்கு, அவருடைய அறையில் சோதனை நடந்ததாகவே பதிவு இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். நடக்காத சோதனைக்கு இழப்பீடு எங்கே கேட்பது?

கஞ்சா வழக்குகளுக்கான 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தைப் பாருங்கள். தகுந்த காரணமின்றி வீடு புகுந்து சோதனை செய்யும் அதிகாரிக்கு அதன் 58ஆம் பிரிவில் தண்டனை உண்டு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு தகரக் கதவையும் தாழ்ப்பாளையும் மாற்றுவதற்கே அந்த ஆயிரம் போதாது.

இரவில் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை போலீசுக்கு எவ்வளவு தூரம் உண்டு என்ற கேள்வியும் புதிதல்ல. உத்தரப் பிரதேசத்தில், கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்ட ஒருவரின் வீட்டுக்குப் போலீசார் இரவில் வந்து எழுப்பிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள். 1962இல் கரக் சிங் வழக்கில் அந்த இரவு வருகைகளை அனுமதித்த விதியை உச்ச நீதிமன்றம் செல்லாதது என்றது. சந்தேகப் பட்டியலில் இருந்தவருக்கே அந்தப் பாதுகாப்பு. எந்தப் பட்டியலிலும் இல்லாதவருக்குக் குறைவாக இருக்க முடியாது.

2012 பிப்ரவரியை இங்கே சொல்லாமல் தாண்ட முடியாது. பெருங்குடியில் ஜனவரியிலும் கீழ்க்கட்டளையில் பிப்ரவரியிலும் வங்கிக் கொள்ளைகள் நடந்தன. பிப்ரவரி 23ஆம் தேதி நள்ளிரவு கடந்து வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், அந்தக் கொள்ளைகளில் சந்தேகிக்கப்பட்ட வெளிமாநிலத்தவர் ஐந்து பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது தவறான வீடா சரியான வீடா என்பது இந்த அறிக்கையின் பொருள் அல்ல. அதன் பிறகு வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லிச் சென்னைப் போலீஸ் வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவிட்டது. வெளிமாநிலத் தொழிலாளி என்றால் விவரம் சேகரிக்கப்பட வேண்டியவர் என்ற பார்வை அப்போது ஊன்றிக்கொண்டது. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்களுக்கு அந்தப் பார்வை இன்னும் பழையது. ஆஜர் பதிவும் திடீர் விசாரணையும் அவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலான அனுபவம்.

போலீசார் போன பிறகு நடப்பதுதான் எங்களிடம் வருபவர்கள் அதிகம் பேசுவது. கதவை எப்படியாவது கட்டி நிறுத்திவிடலாம். மறுநாள் வீட்டு ஓனர் வந்து, "தப்பு உன் மேல இல்லப்பா, ஆனா எனக்கு வம்பு வேண்டாம், மாசக் கடைசியில காலி பண்ணிடு" என்கிறார். செய்தி மேன்பவர் கான்ட்ராக்டர் காதுக்குப் போகிறது. கேட் பாஸ் புதுப்பிக்கப்படுவதில்லை. போலீஸ் தேடி வந்த ஆள் என்ற பெயர் அந்த வரிசையில் நிலைத்துவிடுகிறது. அவர் நிரபராதி என்று எந்த நீதிமன்றமும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அவர் மீது வழக்கே இல்லை. ஆகவே நாங்கள் கேட்கும் தாளில் ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும்: இந்த வீட்டில் தவறுதலாகச் சோதனை நடந்தது, குடியிருப்பவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஓனரிடமும் கான்ட்ராக்டரிடமும் காட்டக்கூடிய காகிதம் அதுதான். தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அது அச்சாகியிருக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, இதே காவல்துறை தொழிலாளர்களை நேரில் சந்தித்து இந்தியில் தைரியம் சொன்னது, உதவி எண்களை அறிவித்தது. அன்று மொழி ஒரு தடையாக இருக்கவில்லை.

கதவு, பூட்டு, உடைந்த செல்போன் ஆகியவற்றுக்கான செலவை எஸ்.பி. அலுவலகமே ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்காக யாரையும் மனித உரிமை ஆணையம் வரை அலைய விடக்கூடாது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று நாள்களை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. போலீசார் சோதனைக்குக் கிளம்புமுன் கதவின் அடையாளத்தை எழுத்தில் உறுதிசெய்வதும் அவசியம். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு மின் இணைப்பு எண் போதும். இல்லாத வரிசைகளில் அறைக்கு அறை எண் எழுத ஊராட்சிக்கு ஒரு டப்பா பெயின்டுக்கு மேல் செலவாகாது.

தப்பி ஓடுபவனைத் துரத்தும்போது படிவம் நிரப்ப முடியுமா என்று காவல்துறை நண்பர்கள் கேட்கிறார்கள். துரத்தும்போது முடியாது, நாங்களும் அதைக் கேட்கவில்லை. துரத்தல் முடிந்து, இவர் அவரில்லை என்று தெரிந்த பிறகு கால்மணி நேரம் எடுத்துக்கொண்டு எழுதலாம்.

வீடு மாறிப்போன ஒவ்வொரு அதிகாரியையும் தண்டிக்க வேண்டுமா என்று எங்களுக்குள்ளேயே நீண்ட வாதம் நடந்தது. நல்லெண்ணத்தில் நடந்த தவறுக்குத் தண்டனை வேண்டாம் என்பது எங்கள் முடிவு. தண்டனைக்குப் பயந்தால் எவரும் எழுதித் தர மாட்டார். ஆனால் எழுதாமல் போனவருக்கும், பதிவை மாற்றியவருக்கும், தவறான வீடு என்று தெரிந்தபின் அங்கே கிடைத்த ஆளைக் கணக்குக்காகப் பிடித்துப் போனவருக்கும் இந்தச் சலுகை கிடையாது. விசாரணை முறை பற்றிய சட்டக் கட்டளையைத் தெரிந்தே மீறும் அரசு ஊழியருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு குறைந்தது ஆறு மாதக் கடுங்காவல் விதிக்கிறது. அது பயன்பட வேண்டும்.

ஒரு பக்கத்தில் அடங்கும் மாதிரிப் படிவத்தை நாங்கள் தயாரித்திருக்கிறோம். திருவள்ளூர் எஸ்.பி.யிடமும் ஆவடி ஆணையரிடமும் அதைக் கொடுக்கிறோம். அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இருவரும் தத்தம் எல்லைக்குள் ஒரு சுற்றறிக்கை மூலமே இதைத் தொடங்கிவிடலாம்.