ஓடாத பாதை

ஈழத்தில், குறிப்பாகக் கிழக்கு மாகாணத்தில், ஆற்றையும் வாவியையும் கடக்க உதவும் தட்டையான மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். தமிழகத்து வாசகருக்கு இது முதலில் குழப்பம் தரலாம். 'இன்றைக்குப் பாதை ஓடாது' என்று ஒருவர் சொன்னால், தெரு எப்போது ஓடியது என்றுதான் அவர் கேட்பார். தெரு தண்ணீரில் முடிந்துவிடும் இடத்தில் எஞ்சிய துண்டைத் தன் முதுகில் சுமந்து திரிகின்ற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பது எங்கள் எண்ணம்.

இலக்கிய நண்பர்களிடம் இச்சொல்லைச் சொன்னால் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். ஓடம், துறை, அக்கரை என்று நம் கவிதை மனம் நூற்றாண்டுகளாகப் பழகிய பொருள் அல்லவா? பாலம் வந்து அழகு போயிற்று என்ற ஏக்கமும் உடனே தொற்றிக்கொள்ளும். இந்த ஏக்கத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பழுது பார்த்த ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துவரத் திருகோணமலையிலிருந்து மண்டூர் வரை போய் வந்த பிறகு அது இன்னும் குறைந்துவிட்டது.

வண்டி எங்களில் ஒருவருடையது: ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானிய அஞ்சற்காரர்களுக்கென்று செய்யப்பட்டு, அங்கே உழைத்துக் களைத்தபின் இலங்கைக்கு வந்து மறுபிறவி எடுத்த சிவப்பு வண்டி. அதன் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் திருகோணமலைக் கராஜை விட்டுவிட்டுத் தம் ஊர்ப்பக்கம் போய்விட்டார். வேறொருவர் கையில் கொடுக்க மனம் வராததால், நெல் ஏற்றப் போன லொறியில் வண்டி அவரைத் தேடிப் போயிற்று. எடுத்துவர நாங்கள் இருவர் பேருந்தில் புறப்பட்டோம்.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாக ஏறத்தாழ 130 கிலோமீற்றர். முன்னாளில் இத்தெருவில் பயணம் என்பது துறைக்குத் துறை இறங்கி நிற்பது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லும் முதியவர்கள், ஒவ்வொரு துறையிலும் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தே சொல்வார்கள். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. மற்றவை 2011 வாக்கில் வந்தன. பேருந்து இவற்றைக் கடந்தபோது உறங்கிக்கொண்டிருந்த எவரும் விழிக்கவில்லை. விழிக்க வேண்டிய அவசியம் இல்லாமற் போனதுதான் பாலம் செய்த நன்மை.

கிண்ணியாவுக்கு அருகிலேயே குறிஞ்சாக்கேணி இருக்கிறது. புதிய பாலம் கட்டும் வேலைக்காகப் பழைய வழி அடைபட்டு, மக்கள் மிதவையில் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 காலை அந்த மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன சிறுவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். ஓடத்துறையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு தேதியையாவது மேசையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். பெயர்கள் அழகானவை. ஆனால் நகரமும் பெரிய தெருவும் எழுவான்கரையில் இருக்க, வயலும் மாடும் படுவான்கரையில் இருப்பதால் வாவியைக் கடப்பது அங்கே அன்றாடக் காரியம். மண்முனைத்துறைக்கு 2014இல் பாலம் கிடைத்தது. களுவாஞ்சிகுடிக்கு அருகே குருமண்வெளியில் நாங்கள் போய் நின்றபோது மண்டூருக்குப் பாதைதான். பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றியும் போகலாம். கையில் வாகனமும் எண்ணெய்க்குக் காசும் இருப்பவருக்கு அது சரி.

எங்களோடு ஏறியவர்கள்: துவிச்சக்கரவண்டியோடு இரண்டு மாணவிகள், உரமூட்டை வைத்திருந்த ஒருவர், ஆஸ்பத்திரிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு மூதாட்டி. மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்யும் வழக்கம் அங்குண்டு. அதைப் பார்க்கவா வந்தீர்கள் என்று மூதாட்டி கேட்டார். மோட்டார் சைக்கிள் எடுக்க என்றோம். "அப்ப நல்ல வேலைதான் மகன்" என்றார். அவர் பரிகசிக்கவில்லை.

பரிகசிக்க அதில் ஒன்றுமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் 2022 வந்து ரூபாயின் மதிப்பைத் தின்றுவிட்டது. அந்த ஆண்டுகளில் பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவது ஒரு பொழுதுபோக்கு அன்று.

மோட்டார் சைக்கிள் என்றதும் வாசகர்கள் இரண்டு நூல்களை நினைப்பார்கள். 1974இல் வெளியான ரொபேர்ட் பேர்சிக்கின் நூல் பழுது பார்த்தலையே தத்துவமாக்கியது. சே குவேராவின் நாட்குறிப்பில் நோர்ட்டன் வண்டியும் ஏரி கடக்கிறது. 1952இல் ஆர்ஜென்ரீனாவிலிருந்து சிலிக்குப் போகையில் அவரும் நண்பரும் படகில் தண்ணீர் இறைத்துப் பயணக் கூலியைக் கழித்தார்கள். பிறகு சிலியில் வண்டி செத்துப்போக, அதை விட்டுவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். உண்மையான பயணம் அங்கேதான் தொடங்குகிறது என்று விமரிசகர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் வண்டியைக் கைவிட்டுப் போகிற சுதந்திரம் திரும்பிச் செல்ல ஒரு வீடும் படிப்பும் உள்ளவனுக்கு வாய்ப்பது. படுவான்கரையில் மீன் பெட்டி கட்டி ஓடுகிற மனிதனின் வண்டி செத்தால் அவனுக்கு எந்தப் பயணமும் தொடங்குவதில்லை. அந்த மனிதனின் வண்டியைப் பற்றி நம்மிடம் எத்தனை கதைகள் இருக்கின்றன?

மெக்கானிக் கூலியாகக் கேட்டது எங்கள் பேருந்துச் செலவைவிடச் சிறிதே அதிகம். சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றியிருந்தார். முதல் ஐந்நூறு கிலோமீற்றருக்கு விரட்டவேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். வண்டி இரண்டாவது உதையில் இயங்கியது.

திரும்புகையில் துறையில் ஒரு மணிநேரம் நின்றோம். காற்று எழுந்திருந்தது. கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டோம்.

"காத்து விட்டாப் போகும் தம்பி. விடாட்டிப் பட்டிருப்பால சுத்துங்க" என்றார்.

மாணவிகள் இருவரும் அதற்குள் சைக்கிளை நிறுத்திவிட்டு, பாடப்புத்தகத்தை விரித்துத் துறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.